ஏரிப் பாசியோடு ஏழு மாதம்

போன வருடம் ஒரு விடியற்காலையில் எங்கள் ஏரிக்கரையெங்கும் கெண்டை மீன்கள் செத்து ஒதுங்கின. இந்த மாசியிலேயே தண்ணீர் மறுபடி பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல ஆனதும் மனசு கேட்கவில்லை. ஞாயிறுதோறும் அளந்து எழுத ஆரம்பித்தேன்.

முதலில், தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று பார்க்க உதவும் செக்கி தட்டு. பழைய எவர்சில்வர் தட்டில் கறுப்பும் வெள்ளையும் கால்கால் பாகமாகப் பூசி, அளவு முடிச்சுப் போட்ட கயிற்றில் கட்டினேன். 1865இல் இத்தாலியப் பாதிரியார் ஆஞ்செலோ செக்கி கடலில் தட்டை இறக்கிப் பார்த்த அதே முறைதான். இங்கே 18 செ.மீ. ஆழத்திலேயே தட்டு மறைந்துவிட்டது.

அப்புறம் ஒரு பாட்டிலில் ஏரித் தண்ணீரை இரவு முழுக்க அசைக்காமல் வைத்தேன். காலையில் பச்சை முழுவதும் பாலாடைபோல மேலே திரண்டிருந்தது. நீலப்பச்சைப் பாசிக்குள் காற்றுப் பைகள் உண்டு, அதனால் மிதக்கும். சில வகைகள் நஞ்சு விடும் என்பதால் அன்றே பக்கத்துத் தெருவில் மாடு வைத்திருப்பவர்களிடம் சொல்லிவிட்டேன்.

மீன்கள் ஏன் செத்தன என்பது ஆக்சிஜன் அளந்தபோதுதான் புரிந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு லிட்டருக்கு 13 மி.கி. 30 டிகிரி தண்ணீர் இயல்பாகத் தாங்குவதே ஏழரை மி.கி. அளவுதான். மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கு அது 1.4! நம்ப முடியாமல் நான்கு நாள் தொடர்ந்து போய் அளந்தேன், அதே கதைதான். பகலில் ஆக்சிஜனைக் கொட்டும் பாசியே இரவில் அதைக் குடித்துத் தீர்க்கிறது.

மயில்துத்தம் போட்டால் இரண்டு நாளில் தெளியும் என்றார்கள். தெளியும்தான். ஆனால் செத்த பாசி அழுகும்போது மிச்ச ஆக்சிஜனும் போகும், உள்ளிருக்கும் நஞ்சும் தண்ணீரில் கலக்கும். வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றேன்.

பாசியைப் பெருக்கும் சத்து எது என்று பார்க்க 1973இல் கனடாவில் ஆய்வாளர்கள் 226ஆம் எண் ஏரியைத் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் நைட்ரஜனும் கார்பனும் இட்டு, ஒரு பக்கம் மட்டும் பாஸ்பரஸ் சேர்த்தார்கள். அந்தப் பக்கம்தான் பச்சையானது. சரி, நம் ஏரிக்குப் பாஸ்பரஸ் எங்கிருந்து வருகிறது? பாஸ்பரஸ் தண்ணீரில் பாஸ்பேட்டாகக் கரைந்திருக்கும்; மீன்தொட்டிக்காரர்கள் வாங்கும் பாஸ்பேட் கிட்டில் அளந்தால் ஏரி நடுவில் 0.5 பிபிஎம் (லிட்டருக்கு அத்தனை மி.கி.), வரத்துக்கால்வாய் வாயில் 3. வீட்டுக் கழிவுநீர் அதில்தான் கலக்கிறது.

கால்வாய் வாயில் மணல் மூட்டை அடுக்கித் தண்ணீரைத் தேக்கி, பாஸ்பரஸை உறிஞ்சக் கல்வாழையும் கோரையும் நட்டோம். பிவிசி குழாய், தேங்காய் நார், வெட்டிவேர் வைத்து ஆறு மிதவைகளும் விட்டோம். மழையில் நீர்மட்டம் ஏறியபோது கயிறு போதாமல் இரண்டு கவிழ்ந்தன. இப்போது நீளக் கயிறு கட்டியிருக்கிறோம்.

ஆவணியில் கால்வாய் வாயில் 2 பிபிஎம், செக்கி 31 செ.மீ. மழைத்தண்ணீரும் சேர்ந்திருப்பதால் எல்லாம் செடிகளின் வேலை என்று சொல்லமாட்டேன். அடிச்சேற்றில் பல வருடப் பாஸ்பரஸ் தேங்கியிருக்கிறது. அடியில் ஆக்சிஜன் தீரும்போதெல்லாம் அது கரைந்து மேலே வரும். கோடையில் நீர் வற்றும்போது வண்டல் எடுக்க அனுமதி கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். கல்வாழை ஆள் உயரம் வளர்ந்துவிட்டது. அங்கேயே மடிந்து அழுகினால் உறிஞ்சியதெல்லாம் திரும்ப ஏரிக்கே போய்விடும். இந்த ஞாயிறு அறுத்துக் கரையேற்றுகிறோம்.