கால் கணக்கு

ஓட ஆரம்பித்து ஒன்றரை வருடத்தில் வலது முட்டியின் முன்பக்கம் வலி வந்தது. தங்கச்சிமடத்திலிருந்து பாம்பன் பக்கம் ஓடினால் மூன்றாவது கிலோமீட்டரில் தொடங்கிவிடும், மாடிப்படி இறங்கும்போதும் குத்தும். கூட ஓடும் அண்ணன் ஒருவர் என் வாட்சைப் பார்த்தார். நிமிடத்துக்கு 158 காலடி; இந்த எண்ணிக்கையைத்தான் ஓட்டக்காரர்கள் கேடன்ஸ் என்பார்கள். "180 இருக்கணும் தம்பி. கேடன்ஸை ஏத்துங்க, முட்டி தானா சரியாயிரும்."

மறுநாளே, சீராக பீப் அடித்துத் தாளம் காட்டும் மெட்ரனோம் செயலியில் 180 வைத்து ஓடினேன். இரண்டு கிலோமீட்டரில் மூச்சு வாங்கிவிட்டது. அப்புறம்தான் கணக்குப் போட்டேன்: கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்ற என் வேகத்தில் ஓர் அடியின் நீளம் சுமார் 90 செ.மீ. அதைக் குறைக்காமல் 180-க்குத் தாவியதால் 6 நிமிடம் 10 விநாடி வேகத்துக்குப் போயிருக்கிறேன். மூச்சு வாங்காமல் என்ன செய்யும்? மூன்றாம் நாள் கெண்டைக்கால் இரண்டும் பிடித்துக்கொண்டன.

இந்த 180 எங்கிருந்து வந்தது என்று தேடினேன். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் ஓட்டக்காரர்களின் அடிகளை எண்ணியபோது, ஏறக்குறைய எல்லோருமே 180-ம் அதற்கு மேலும் இருந்தார்கள். அது போட்டி வேகம். வேகம் கூடினால் அடி எண்ணிக்கையும் தானாகக் கூடும். அவர்கள் எங்கே, நான் எங்கே!

அதற்காக 158-லேயே கிடக்கவும் மனமில்லை. தனுஷ்கோடியில் பெண்கடல் பக்கம் (அலை அடங்கிய பாக் நீரிணைப் பக்கம்) ஈர மணலில் கொஞ்ச தூரம் ஓடித் திரும்பிப் பார்த்தால், ஒவ்வொரு தடத்திலும் குதிகால் இருந்த இடம் மட்டும் கிண்ணம் மாதிரி குழிந்திருந்தது. காலை ரொம்ப முன்னால் நீட்டிப்போட்டு, அடிக்கு அடி பிரேக் போட்டுக்கொண்டிருந்தேன். அதே வேகத்தில் அடி எண்ணிக்கையை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் முட்டியில் விழும் சுமை குறையும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. நான் 5 சதவீதத்தோடு நிறுத்தினேன்: 166. அடியின் நீளம் 86 செ.மீ. ஆனது. இரண்டு விரற்கடைதான் வித்தியாசம்.

ஒரு நிமிடம் பீப் சத்தத்தோடு, நாலு நிமிடம் சும்மா. கச்சான் காற்றில் பீப் காதில் விழாது. அப்போது வலது கால் விழுவதை மட்டும் 30 விநாடி எண்ணுவேன். 41, 42 வந்தால் சரி. முட்டிச் சுமை கெண்டைக்காலுக்கு இறங்கும் என்பதால் வாசல்படியில் குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சியும் செய்தேன். சலிப்பான வேலை, ஆனால் விடவில்லை. ஆறாவது வாரம் மாடிப்படி இறங்கும்போது வலி இல்லை.

என் மனைவியும் ஓடுகிறார், 160-க்குப் பக்கத்தில். வலி எதுவும் இல்லை. அதில் கை வைக்க வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

போன ஞாயிறு அண்ணன் மறுபடி வாட்சை எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, இன்னும் 14 பாக்கி இருக்கே?"