150 சிசி வண்டியை வீட்டிலேயே டிராக்குக்குத் தயார் செய்தல்: எஞ்சினுக்கு முன்னால் செய்தவை

பட்ஜெட் வண்டியை டிராக்கில் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் விசாரிப்பது சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும்தான். 150 சிசி ஒற்றை சிலிண்டரில் அவை தரும் கூடுதல் சக்தி சொற்பம். பிரேக்கை நம்பி இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடிக்க முடிந்தால் ஒவ்வொரு வளைவிலும் நேரம் மிச்சமாகும். அதனால் எஞ்சினைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு வேலையைத் தொடங்கினோம்.

கழற்றும் வேலை சுலபம்: ஹெட்லைட், இண்டிகேட்டர், கண்ணாடிகள், ஹாரன், பின்சீட் ஃபுட்ரெஸ்ட், இரண்டு ஸ்டாண்டுகள். சைடு ஸ்டாண்டு சுவிட்ச் உள்ள வண்டியில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. ஸ்டாண்டு போனதும், கியர் போட்ட நொடியில் எஞ்சின் அணைந்துவிடும். கழற்றும் முன்பே, ஸ்டாண்டு மடங்கிய நிலையில் சுவிட்ச் இணைகிறதா துண்டிக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்துவிட வேண்டும். இணைகிறது என்றால் கனெக்டரின் இரண்டு ஒயர்களைச் சேர்த்து சாலிடர் வைத்தால் போதும். துண்டிக்கிறது என்றால் கனெக்டரைப் பிரித்து டேப் சுற்றினாலே ஆயிற்று. மூன்று ஒயர் வரும் காந்த சென்சாரில் ஒயரிங் படம் பார்க்காமல் கை வைத்தால் ஃபியூஸ் போகும்.

அடுத்தது, வண்டியிலிருந்து ஒரு சொட்டுகூட டிராக்கில் சிந்தாமல் பார்த்துக்கொள்வது. டிராக்கில் இறங்கும் முன் நடக்கும் பரிசோதனையில் வண்டிகள் திருப்பி அனுப்பப்படுவது பெரும்பாலும் இதற்காகத்தான். ஆயில் டிரெயின் போல்ட், ஆயில் ஊற்றும் மூடி, ஃபில்டர் கவர் போல்ட், பிரேக் கேலிப்பர் போல்ட் எல்லாவற்றுக்கும் லாக் ஒயர், அதாவது போல்ட் தலையில் துளையிட்டு அது தளராமல் பிடிக்கும் கம்பி, கட்ட வேண்டும். துளைக்கு 1.5 மி.மீ. டிரில் பிட், கட்டுவதற்கு 0.8 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பி. போல்ட் தலையின் ஒரு முகத்தில் சென்டர் பஞ்ச் அடித்து, முதலில் நேராகக் கொஞ்சம் இறக்கி, பிறகு சாய்த்து, பக்கத்து முகத்தில் வெளிவருமாறு துளைக்கலாம். குறைந்த வேகம், நிறைய கட்டிங் ஆயில். அப்படியும் ஓரிரு பிட் உடையத்தான் செய்யும். கோபால்ட் பிட் நாலைந்து சேர்த்தே வாங்கிவிடுவது நல்லது. கம்பியை செ.மீ.க்கு மூன்று முறுக்கு என்ற கணக்கில் முறுக்கினால் சரியாக இருக்கும். அதற்கு மேல் இறுக்கினால் கம்பி உள்ளுக்குள் களைத்துப்போய், ஓட்டத்தில் அறுந்துவிடும். போல்ட் தளரப் பார்த்தால் கம்பி அதை இறுக்கும் பக்கம் இழுக்க வேண்டும். இது தலைகீழாகக் கட்டப்பட்டிருப்பதைத்தான் பரிசோதகர்கள் முதலில் தேடுவார்கள்.

எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாயை, அதில் வரும் ஆயிலைப் பிடிக்கும் ஒரு கேட்ச் டப்பாவுக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் டப்பாவைக் காலி செய்ய வேண்டும். எஞ்சினுக்கு அடியில் மாட்டும் ஃபைபர் தட்டு (பெல்லி பேன்) செய்வதாக இருந்தால், எஞ்சின் ஆயிலில் பாதியாவது அதில் தேங்கும்படி வடிவமைப்பது பல போட்டிகளின் விதி. ரேடியேட்டர் உள்ள வண்டியில் கிளைகால் கலந்த கூலன்ட்டை இறக்கிவிட்டு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். கிளைகால் தரையில் சிந்தினால் எளிதில் உலராது. பின்னால் வருகிறவர் விழுவார்.

பிரேக்கில் பெரிய டிஸ்க் தேவையே இல்லை. ரப்பர் ஹோஸ் சூட்டில் விரிவதால் லீவர் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஸ்டீல் பின்னல் ஹோஸ் போட்டதும் அது நின்றுவிடும். ஹோஸ் முனையை இணைக்கும் பேஞ்சோ போல்ட்டில், ஹோஸ் முனைக்கு இருபுறமும் புதுச் செப்பு வாஷர் கட்டாயம். புதிதாகத் திறந்த டாட் 4 ஃப்ளூயிட் 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 வரை இறங்கலாம். பாதி காலியான பழைய டப்பாவை டிராக் வண்டியில் ஊற்றக் கூடாது என்பது இதனால்தான். ப்ளீட் செய்து, அதாவது ஹோஸில் உள்ள காற்றை வெளியேற்றிய பிறகும் லீவர் மெத்தென்று இருந்தால், காற்று அநேகமாக மாஸ்டர் சிலிண்டர் பேஞ்சோவில் நிற்கிறது. லீவரை இழுத்துக் கட்டி ஓர் இரவு விட்டால் குமிழ் மேலேறிவிடும். பின் டிரம்மை அப்படியே விடுங்கள்.

நேரத்தை அதிகம் கேட்பது முன் ஃபோர்க். தொழிற்சாலை ஸ்பிரிங் மென்மையானது. பிரேக் பிடித்தால் மூக்கு அடிவரை முங்கும். வண்டியை முழுக்கத் தூக்கி, ஃபோர்க் குழாயில் ஒரு கேபிள் டை கட்டி, முழு ரைடிங் உடையோடு உட்கார்ந்து எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். 30 முதல் 35 மி.மீ. நல்ல தொடக்கம். அதிகம் இறங்கினால் ஸ்பிரிங் மேல் பிவிசி குழாய்த் துண்டு 10 மி.மீ. வைக்கலாம், இரண்டு பக்கமும் வாஷர் போடாவிட்டால் ஸ்பிரிங் அதை அரித்துவிடும். ஒன்றை மறக்கக் கூடாது: இந்தத் துண்டு ஸ்பிரிங்கைக் கடினமாக்காது, வண்டியின் உயரத்தை மட்டுமே மாற்றும். ஆள் உட்காரும்போது அளவு சரியாக வந்து, ஆள் இறங்கினால் ஃபோர்க் கொஞ்சமும் அமராமல் உச்சியில் நின்றால், ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும்.

ஃபோர்க் ஆயிலை 10 டபிள்யூவிலிருந்து அதைவிடக் கெட்டியான 15க்கு மாற்றினால் போதும். மட்டத்தை ஸ்பிரிங் இல்லாமல், ஃபோர்க்கை முழுக்க அமுக்கி, மேல் விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். ஆயிலுக்கு மேல் உள்ள காற்று இடைவெளியை ஒரு தடவைக்கு 10 மி.மீ. என்று குறைத்து ஓட்டிப் பார்க்கலாம். கடைசிப் பகுதியில் முங்குவது குறையும். பேராசைப்பட்டு இடைவெளியை ரொம்பக் குறைத்தால் அழுத்தம் ஏறி ஆயில் சீல் பிதுங்கும்.

டயரில் அகல ஆசை வேண்டாம். குறுகிய ரிம்மில் அகலமான டயரை மாட்டினால் ஓரங்கள் உள்ளே இழுக்கப்பட்டு, சாய்க்கும்போது வண்டி முரண்டு பிடிக்கும். ரிம்முக்கு உரிய அளவில் மென்மையான காம்பவுண்ட் போதும்.

ஃபுட்ரெஸ்ட்டை மேலும் பின்னும் தள்ளி வைக்கும் ரியர் செட்டை 8 மி.மீ. அலுமினியத் தகட்டில் வெட்டிக்கொள்ளலாம்: 40 மி.மீ. மேலே, 50 மி.மீ. பின்னே. கியர் ராடும் லீவரும் 90 டிகிரியில் சந்திக்காவிட்டால் கியர் பாதியில் நிற்கும். ஃபோர்க் குழாயில் நேரடியாகப் பிடிக்கும் தாழ்வான கிளிப்-ஆன் ஹேண்டில் மாட்டியதும் ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்க்க வேண்டும். டேங்கில் கட்டைவிரல் நசுங்கக் கூடாது, ஐட்லிங் ஏறவும் கூடாது. ஏறினால் ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது.

கியரிங்குக்கு வகுத்தல் கணக்கு போதும். முன் ஸ்ப்ராக்கெட்டில் 14 பல், பின்னால் 42 பல் என்றால் 3.00. முன்னால் 13 போட்டால் 3.23, பின்னால் 45 போட்டால் 3.21. பலன் கிட்டத்தட்ட ஒன்றே. முன் ஸ்ப்ராக்கெட் மலிவு என்றாலும் சின்னப் பல்சக்கரத்தில் செயின் சீக்கிரம் தேயும். மிக நீளமான நேர்கோட்டின் முடிவில் டாப் கியரில் ரெட்லைனை (எஞ்சின் சுழற்சியின் உச்ச எல்லையை) தொட்டால் பல் எண்ணிக்கை சரி.

இனி எஞ்சின். வால்வ் கிளியரன்ஸை ஆறிய எஞ்சினில் பார்த்து, ஆயிலை மேல் கோடு வரை ஊற்றுங்கள்; கிளட்ச் வழுக்காமல் இருக்க ஜாஸோ எம்ஏ2 குறி உள்ள ஆயில்தான் வேண்டும். சைலன்சர், ஃபில்டர் மாற்றினால் கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் துளையான மெயின் ஜெட்டை ஓரிரு அளவு கூட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் கலவை மெலிந்து பிஸ்டன் வெந்துவிடும். சரிபார்க்க, முழு ஆக்சிலரேட்டரில் போகும்போதே கிளட்சைப் பிடித்து, கில் சுவிட்சை அணைத்து, உருட்டிக்கொண்டு வந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பாருங்கள். ஐட்லிங்கில் ஓட்டி வந்தால் பிளக் பொய் சொல்லும். வெளிறிய வெள்ளை என்றால் ஜெட் இன்னும் சிறியது.

முதல் ஓட்டம் நாலைந்து சுற்றோடு நிற்கட்டும். வந்தவுடனே டயர் சூடாக இருக்கும்போதே காற்றை அளந்து, டயர் தயாரிப்பாளர் டிராக்குக்குச் சொன்ன சூட்டு அளவோடு ஒப்பிடுங்கள். இறுக்கியதும் அடையாளமாகப் பெயிண்ட் கோடு போட்டு வைத்த போல்ட்டுகளில் கோடு விலகியிருக்கிறதா பாருங்கள். செயின் தளர்வை, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் பிவட் போல்ட்டும் முன் ஸ்ப்ராக்கெட்டும் பின் ஆக்சிலும் ஒரே கோட்டில் வரும்படி ஒருவர் பின்பக்கத்தை அமுக்கிப் பிடிக்க, இன்னொருவர் பார்க்க வேண்டும். செயின் மிக இறுகும் இடம் அதுதான். அங்கேயும் கொஞ்சம் ஆட்டம் இருந்தால்தான் கியர்பாக்ஸ் பேரிங் பிழைக்கும்.