வெள்ளைச் சுவரை வெட்டச் சொன்னார்கள்

பத்திரிகையில் லேஅவுட் வேலை பார்க்கிறவர்களுக்குப் படத்தில் காலி இடம் தெரிந்தாலே கை பரபரக்கும். அந்தப் பழக்கத்தை என்னிடமிருந்து எடுத்தவர் ஜொவான்னி ஃபத்தோரி. 1825இல் லிவோர்னோவில் பிறந்த இத்தாலிய ஓவியர். இத்தாலி ஒரே நாடாக இணைந்த கதையைப் பற்றிய கட்டுரை ஒன்றுக்குப் படம் தேடியபோதுதான் அவர் எனக்கு நெருக்கமானார்.

“வீரம் தெரியணும், வாளும் கொடியுமா போடுங்க” என்றார் பொறுப்பாசிரியர். நான் எடுத்துப் போனது, வட இத்தாலியில் மஜெந்தா என்ற ஊரில் நடந்த போரைப் பற்றி ஃபத்தோரி வரைந்த படம். 1859 ஜூன் 4 அன்று அங்கே ஆஸ்திரியப் படை தோற்றது, அதை வரைவதற்கு இத்தாலியின் ஒரு பகுதியான டஸ்கனியின் அரசு வைத்த போட்டியில் ஜெயித்தவர் ஃபத்தோரி. ஆனால் படத்தில் சண்டையே இல்லை. சண்டை முடிந்த பிறகான முகாம், காயம்பட்டவர்களை ஏற்றிய வண்டி, அவர்களைப் பார்த்துக்கொள்ளும் கன்னியாஸ்திரிகள், அவ்வளவுதான். நாட்டுப்பற்று இல்லாமல் இப்படி வரைந்தார் என்று யாரும் சொல்ல முடியாது, 1848 கிளர்ச்சிக் காலத்தில் துண்டறிக்கைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்த ஆள் அவர்.

சரி, அது ஓகே ஆனது. அப்புறம் உள்பக்கத்துக்கு அவருடைய ‘இன் வெதெத்தா’ (‘காவலில்’) படத்தை வைத்தேன். 1872 வாக்கில் வரைந்தது, அசலே 37க்கு 56 செ.மீ.தான். நீண்ட வெள்ளைச் சுவர், அதன் ஓரமாகக் குதிரை மேல் காவலுக்கு நிற்கும் ஒரு சிப்பாய், தூரத்தில் இன்னும் இரண்டு பேர். “சுவரை கிராப் பண்ணிட்டு ஆளைப் பெருசாக்குங்க, ரெண்டு பத்தி மேட்டர் உள்ளே வரும்” என்றார்கள். வெட்டியே காட்டினேன். சுவர் போனதும் வெயில் போய்விட்டது, எதிரி வருவானா மாட்டானா என்று மணிக்கணக்காகக் காத்திருக்கும் அலுப்பும் போய்விட்டது, மிஞ்சியது சீருடை போட்ட ஓர் ஆள் மட்டும்தான். பக்கத்தில் முழுப்படத்தையும் வைத்தேன். பொறுப்பாசிரியர் கொஞ்ச நேரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, மேட்டரைக் குறைக்கச் சொன்னார்.

போர் பற்றிய கட்டுரை எது வந்தாலும் ஃபத்தோரியின் ‘லோ ஸ்தஃபாத்தோ’வையும் சேர்த்தே அனுப்புகிறேன். அங்கவடியில் கால் மாட்டிக்கொண்ட வீரனைத் தரையோடு இழுத்துக்கொண்டு குதிரை ஓடுகிறது, பின்னால் வழியெல்லாம் ரத்தக்கோடு. இதுவரை யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை, நானும் அனுப்புவதை நிறுத்தப்போவதில்லை.