கோட்டை மாரியம்மன் ஆடி விரதம்: எதை விடுவது, எப்படி விடுவது

சேலம் பழைய பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். திருமணிமுத்தாற்றங்கரையில் இருக்கிறாள் கோட்டை மாரியம்மன். ஊரில் பேட்டைக்குப் பேட்டை மாரியம்மன் உண்டு. எல்லோருக்கும் மூத்தவள் இவள் என்பது சேலத்தார் நம்பிக்கை. 2023இல் குடமுழுக்கு கண்ட கோயில். ஆடியில் அம்மனுக்குப் பூச்சாத்தும் பூச்சாட்டுதலோடு திருவிழா தொடங்கும். அடுத்து கம்பம் நடுதல், சக்தி அழைப்பு. பிறகு ஒரு புதன்கிழமை பொங்கல், மாவிளக்கு, தரையில் உருண்டு கோயிலைச் சுற்றும் உருளுதண்டம்.

விரதத்தில் விடவேண்டியது கைக்கு எட்டுகிற, நாக்கு கேட்கிற பொருளை. கத்தரிக்காயே பிடிக்காதவர் கத்தரிக்காயை விட்டு என்ன பயன்? அசைவத்தை எல்லோரும் விடுகிறார்கள். பாய், தலையணையை விடுவதும், கோபத்தில் வரும் சொல்லை விடுவதும்தான் கடினம்.

ஒருபொழுது இருப்பவர்கள் மதியம் ஒருவேளை சாப்பிட்டு, இரவு பாலோ பழமோ எடுத்துக்கொள்வார்கள். மூன்று வேளைச் சோற்றையும் அந்த ஒருவேளையில் அடைத்தால் மாலைப் பூசையில் கண் சொக்கும். காபியைத் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாள் மண்டை இடிக்கும். அது பசியால் வருவதில்லை, காபிப் பழக்கம் அறுவதால் வருவது. பூச்சாட்டுக்கு நான்கைந்து நாள் முன்பே பாதியாகக் குறைத்து வாருங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வேளையைத் தள்ளக்கூடாது. சர்க்கரை இறங்கி மயங்கி விழ நேரும். அவர்கள் வேளை தவறாமல் சாப்பிட்டு, உணவுக்குப் பதிலாக வேறொன்றைத் துறக்கலாம். அம்மன் கணக்கில் குறையாது.

நாம் உண்ணாமல் மிச்சமாகும் தானியம் அடுத்தவர் சொம்புக்குக் கூழாகப் போகவேண்டும். அது இல்லாத விரதம் பாதி விரதம் என்றே சொல்வோம். இரண்டு டம்ளர் கேழ்வரகு மாவை நான்கு டம்ளர் தண்ணீரில் கரைத்து இரவு முழுக்கப் புளிக்கவிடுங்கள். மறுநாள் அரை டம்ளர் அரிசி நொய்யை ஆறு டம்ளர் தண்ணீரில் குழைய வேகவைத்து, கரைத்த மாவை ஊற்றி, சிறுதீயில் கைவிடாமல் கிளறவேண்டும். உலர்ந்த மாவைக் கொதிநீரில் கொட்டினால் கட்டி கட்டியாகிவிடும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக்கூடாது. ஒட்டினால் இன்னும் வேகவில்லை, குடிப்பவர் வயிறு கெடும். ஆறியபின் உப்பு, மோர், நறுக்கிய சின்ன வெங்காயம்.

மாவிளக்குக்கு ஊறவைத்து நிழலில் உலர்த்திய பச்சரிசி மாவு இரண்டு பங்கு, பொடித்த வெல்லம் ஒரு பங்கு, கொஞ்சம் ஏலக்காய். தண்ணீரே ஊற்றவேண்டாம். அரிசியின் ஈரமும் இளகும் வெல்லமுமே போதும். ஊற்றினால் உருண்டை தளர்ந்து நெய் வழிந்துவிடும்.

உருளுதண்டத்துக்கு வெயில் ஏறுமுன் போய்விடுங்கள், தரை சுடும். முதல்நாள் இரவு நன்றாகத் தண்ணீர் குடித்திருக்கவேண்டும். குளித்த ஈர உடையோடு, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, கைகளைத் தலைக்குமேல் நீட்டிக் கூப்பி உருளவேண்டும். உருள்பவருக்குத் திசை தெரியாது. கூட ஒருவர் நடந்து காலைத் திருப்பிவிடவேண்டும், பெண்களுக்குப் பெண்கள். வேகம்தான் பலரையும் கெடுக்கிறது. வேகமாக உருண்டால் காதுக்குள் இருக்கும் நீர் சுழன்று, நின்ற பிறகும் தலை சுற்றும், குமட்டும். மெல்ல உருண்டு, முடிந்ததும் உடனே எழாமல் சற்று உட்கார்ந்திருங்கள்.

சந்நிதியில் வணங்கியபின் முதலில் இளநீரோ நீர்மோரோ. ஒரு மணி நேரம் கழித்துக் குழைந்த சோறு. கறி விருந்தை மறுநாளுக்குத் தள்ளுங்கள். வெறும் வயிறு அதைத் தாங்காது.