பழைய வண்டியா, வரப்போகும் வண்டியா: ஒரு ஸ்போர்ட்ஸ் கார் நாட்குறிப்பு

2024 பிப்ரவரி 4, ஞாயிறு

ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவதற்கென்று ஆறு ஆண்டுகளாகத் தனியே சேர்த்துவந்த பணத்தை இன்று எண்ணிப் பார்த்தேன். புதிய மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றின் விலையை 100 என்று வைத்துக்கொண்டால் என் கையில் 65 இருக்கிறது. ஐந்து ஆண்டு ஓடிய அதே வண்டியை இப்போதே வாங்கி, பழுதுபார்க்கவும் ஒரு தொகையை ஒதுக்கி வைக்க இது போதும். புதிய வண்டிதான் வேண்டுமென்றால், இதே வேகத்தில் சேமிக்க இன்னும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கடன் வாங்கி இடைவெளியை நிரப்ப எனக்கு மனமில்லை. ஆசைக்காக வாங்கும் பொருளுக்கு வட்டி கட்டத் தொடங்கினால், சாவியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வட்டிதான் நினைவுக்கு வரும்.

ஏன் இந்த வண்டி என்பதையும் எழுதிவைக்கிறேன். 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானதிலிருந்து நான்கு தலைமுறைகள் ஆகியும் இதன் அடிப்படை மாறவில்லை: முன்னால் இன்ஜின், பின்சக்கரங்களுக்கு விசை, இரண்டே இருக்கைகள், மடக்கக்கூடிய கூரை, எல்லாவற்றுக்கும் மேலாகக் குறைந்த எடை. குதிரையும் அதன் மேல் இருப்பவரும் ஒன்றாகிவிடும் நிலையை ஜப்பானிய மொழியில் 'ஜின்பா இட்டாய்' என்பார்கள். இந்த வண்டியை வடிவமைத்தவர்கள் அதையே தங்கள் இலக்காகச் சொன்னார்கள். பல ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரின் இரண்டாம் தலைமுறை வண்டியை ஒரு மலைப்பாதையில் அரை மணி நேரம் ஓட்டினேன். ஒவ்வொரு வளைவிலும் முன்சக்கரங்கள் சாலையில் என்ன செய்கின்றன என்பது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் ஆறு ஆண்டுகளாகச் சேமிக்கிறேன்.

2024 பிப்ரவரி 11, ஞாயிறு

காத்திருந்தால் என்ன கிடைக்கும் என்று இந்த வாரம் முழுவதும் படித்தேன். 2023 அக்டோபரில் டோக்கியோவில் நடந்த ஜப்பான் மொபிலிட்டி ஷோவில் மாஸ்டா 'ஐகானிக் எஸ்பி' என்ற மாதிரி வண்டியைக் காட்டியது. படத்தைப் பார்த்தவுடன் எல்லாக் கணக்குகளையும் தூக்கிப் போட்டுவிட்டு அதற்காகவே காத்திருக்கலாம் என்று தோன்றியது, அவ்வளவு அழகு. பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் இரண்டு ரோட்டர்கள் கொண்ட ரோட்டரி இன்ஜின் மின்சாரம் உண்டாக்க, மின்மோட்டார் சக்கரத்தைச் சுழற்றுகிறது. 370 குதிரைத்திறன், எடை 1,450 கிலோ.

அந்த எடையில்தான் என் மனம் நின்றுவிட்டது. இப்போதைய எம்எக்ஸ்-5 ஏறத்தாழ 1,050 கிலோ, 184 குதிரைத்திறன். மின்கலம் சுமக்கும் வண்டிக்கு 1,450 கிலோ என்பது சாதனைதான். ஆனாலும் கூடுதல் 400 கிலோவை நேர்ப்பாதையில் குதிரைத்திறன் மறைத்துவிடலாம். வளைவுக்கு முன்னால் பிரேக் பிடிக்கும்போதும் இடமிருந்து வலமாகத் திரும்பும்போதும் அதை மறைக்க வழியில்லை. அந்த இயக்க முறையில் நான் விரும்பும் கியர் மாற்றும் வேலைக்கும் இடமில்லை. தவிர, அது இன்னும் மாதிரிதான். விற்பனைக்கு வரும் நாள் எதுவும் அறிவிக்கப்படவில்லை.

நாள் அறிவிக்கப்பட்டாலும் அதை நம்பிச் சேமிப்பை ஒத்திவைக்க முடியுமா என்பது வேறு கேள்வி. டெஸ்லாவின் மின்சார ஸ்போர்ட்ஸ் காரான ரோட்ஸ்டரின் இரண்டாம் தலைமுறை 2017 நவம்பரில் மேடையேறியது. 2020-இல் வரும் என்றார்கள். அதை நம்பி முன்பணம் கட்டியவர்கள் இன்றுவரை அதை ஓட்டவில்லை. அவர்கள் இழந்த ஆண்டுகளை நான் பணத்தைவிடப் பெரிதாக நினைக்கிறேன்.

2024 பிப்ரவரி 25, ஞாயிறு

ஒரு தலைமுறையின் முதல் வண்டி அத்தலைமுறையின் சிறந்த வண்டியாக இருப்பது அரிது. நான்காம் தலைமுறை எம்எக்ஸ்-5 2015-இல் விற்பனைக்கு வந்தது. 2018-இல்தான் இரண்டு லிட்டர் இன்ஜினின் திறன் 160-இலிருந்து 184 ஆனது. அது சுழலும் உச்ச வரம்பும் நிமிடத்துக்கு 6,800-இலிருந்து 7,500 சுற்றுகளுக்கு உயர்ந்தது. ஸ்டீயரிங்கை முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்ளும் வசதியும் அப்போதுதான் வந்தது. கால் நீளமான எனக்கு இது சிறிய விஷயமே இல்லை. டொயோட்டா 86 என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதே கதைதான்: 2012-இல் வந்த முதல் தலைமுறையின் இன்ஜின் நடுச்சுற்றுகளில் இழுவை தொய்ந்துபோகும். 2021-இல் அறிமுகமான இரண்டாம் தலைமுறையில் 2.4 லிட்டர் இன்ஜினை வைத்த பிறகே அந்தக் குறை நீங்கியது.

ஆகவே அடுத்த தலைமுறைக்குக் காத்திருக்கிறேன் என்று சொன்னால், அது வந்த பிறகு பக்குவப்படும்வரை இன்னும் மூன்று ஆண்டுகள் காத்திருக்கிறேன் என்றும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2019 முதல் செய்யப்பட்ட பழைய வண்டியில் அந்தப் பக்குவம் ஏற்கெனவே இருக்கிறது. பழைய வண்டியைத் தேடுவது என்று இன்று முடிவு செய்தேன்.

2024 மார்ச் 9, சனி

முதல் வண்டியைப் பார்த்தேன். 2019-இல் செய்தது, 24,000 கிலோமீட்டர், கண்ணாடிபோல மின்னும் சிவப்பு, விற்பவர் ஒரு வணிகர். என் பழைய மெக்கானிக் என்னுடன் வந்தார்; வண்டி விஷயத்தில் அவர் பேச்சை நான் தட்டியதில்லை.

பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவியை அவர் ஒவ்வொரு தகட்டிலும் வைத்துப் பார்த்தார். கதவுகளிலும் முன்மூடியிலும் 110, 120 மைக்ரான் என்று வந்தது. தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும். வலப்பக்கப் பின்சக்கரத்துக்கு மேலே கருவி 480 காட்டியது. அங்கே பட்டி பூசி மீண்டும் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பிறகு டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு எண்களைப் படித்தோம். முதல் இரண்டு எண்கள் வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் சொல்லும். மூன்று டயர்கள் 2019-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செய்தவை. வலப்பக்கப் பின்டயரில் மட்டும் 1123, அதாவது 2023-ஆம் ஆண்டின் பதினோராவது வாரம். இரண்டு தடயங்களும் ஒரே மூலையில் இருந்தன.

அதற்கு மேல்தான் முக்கியமானது. வண்டியின் கணினி பதிந்துவைத்திருக்கும் பிழைக் குறிகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரை மெக்கானிக் செருகினார். பிழைக் குறி ஒன்றுகூட இல்லை. நான் மகிழ்ந்தேன், அவர் முகம் மாறியது. வண்டியின் கணினி தன் உணரிகளையும் புகைக் கட்டுப்பாட்டு அமைப்பையும் தானே சோதித்துக்கொள்ளும். அந்தச் சோதனைகள் முடிந்தனவா என்பதை ஸ்கேனர் தனித்தனியாகக் காட்டும். பிழைக் குறிகளை யாராவது அழித்தாலோ மின்கலத்தைக் கழற்றினாலோ எல்லாச் சோதனைகளும் முதலிலிருந்து தொடங்கும். அவை முடிய பல நாள் ஓட்டம் வேண்டும். இந்த வண்டியில் ஐந்து சோதனைகள் முடியாமல் நின்றன. "குறி இல்லைங்கிறதைப் பார்க்காதீங்க சார், அது எப்போ இல்லாமப் போச்சுன்னு பாருங்க" என்றார்.

விற்பவரிடம் விபத்து நடந்ததா என்று நேராகக் கேட்டேன். இல்லை என்றார். அளவீட்டைக் காட்டிய பிறகு, தனக்குத் தெரியாது என்றார். வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டோம். அடிபட்டதை முதலிலேயே சொல்லி, சரிசெய்த ரசீதையும் காட்டியிருந்தால், நான் அந்த வண்டியை இன்னொரு முறை பார்த்திருப்பேன்.

2024 மார்ச் 17, ஞாயிறு

இந்த வாரம் சோர்வாக இருந்தது. புதிய வண்டியே மேல், வாரண்டி இருக்கும், முதல் கிலோமீட்டரிலிருந்து அதன் வரலாறு என்னுடையதாக இருக்கும் என்ற எண்ணம் வலுத்தது. அந்த வாதத்தில் உண்மை உண்டு. குளிர்ந்த இன்ஜினை உறுமவைத்தவர் யார், எண்ணெய் மாற்றாமல் விட்டவர் யார் என்ற கவலை இல்லாமல் ஓட்டுவது பெரிய நிம்மதி.

ஆனால் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு நான் விரும்பும் வகையிலேயே புதிய வண்டி கிடைக்குமா? வருகிற ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் புதிய கார்களுக்கு வேக எச்சரிக்கை உள்ளிட்ட பாதுகாப்பு விதிகள் கட்டாயமாகின்றன. அவற்றுக்கேற்ப மாற்றியமைக்காமல், 86-இன் இரண்டாம் தலைமுறையான ஜிஆர்86-ஐ டொயோட்டா அங்கே இரண்டு ஆண்டு விற்பனையோடு நிறுத்திக்கொள்கிறது. அதே மாதம் நடைமுறைக்கு வரும் கணினிப் பாதுகாப்பு விதி காரணமாகப் போர்ஷே 718 என்ற ஸ்போர்ட்ஸ் காரின் பெரும்பாலான வகைகளும் அந்தச் சந்தையை விட்டு விலகுகின்றன. இவ்விதிகளை நான் குறை சொல்லவில்லை. பாதசாரியின் உயிர் என் பொழுதுபோக்கைவிடப் பெரிது. சிறிய எண்ணிக்கையில் விற்கும் ஒரு வண்டியைப் புதிய விதிக்காகத் திருத்தும் செலவை நிறுவனங்கள் ஏற்கத் தயங்கும் என்பதுதான் இதில் எனக்கான செய்தி. எடை குறைந்த, கையால் கியர் மாற்றும் வண்டி எனக்காக எங்கேயோ காத்திருக்கும் என்று இனி எடுத்துக்கொள்ள முடியாது.

பணக் கணக்கும் அதே பக்கம்தான் சாய்கிறது. புதிய வண்டியின் மதிப்பு முதல் சில ஆண்டுகளில்தான் செங்குத்தாகச் சரிகிறது. பிறகு சரிவு மெல்ல மெல்ல மட்டமாகிறது. அந்தச் செங்குத்தான பகுதிக்கு முதல் உரிமையாளர் ஏற்கெனவே விலை கொடுத்துவிட்டார்.

எனக்கு வயது 51. தரையை ஒட்டிய இருக்கையில் இறங்கி ஏறும் முட்டியும் இடுப்பும் இன்று என்னிடம் இருக்கின்றன. இதை எந்தக் கணக்கிலும் சேர்க்காமல் விட்டிருந்தேன், இன்று சேர்த்துவிட்டேன்.

2024 ஏப்ரல் 6, சனி

இரண்டாவது வண்டி: சாம்பல் நிறம், 2019, 71,000 கிலோமீட்டர். விற்பவர் ஓய்வுபெற்ற அம்மையார். முதுகு வலியால்தான் விற்கிறார். முன்மூக்கில் கல் தெறித்த புள்ளிகள், ஓட்டுநர் இருக்கையின் ஓரத்தில் தேய்மானம். முதல் வண்டியை விட மூன்று மடங்கு ஓடியது என்ற எண்ணத்தோடு ஆர்வமில்லாமல்தான் போனேன்.

நாங்கள் வருவதற்கு முன் இன்ஜினைக் கிளப்ப வேண்டாம் என்று மெக்கானிக் முன்கூட்டியே கேட்டுக்கொண்டிருந்தார். மூடியைத் தொட்டுப் பார்த்தார், குளிர்ந்தே இருந்தது. சூடான இன்ஜின் தன் குறைகளை மறைத்துக்கொள்ளும். முதல் சுழற்சியிலேயே பிடித்துக்கொண்டது, சலசலப்பும் புகையும் இல்லை. கியர் எண்ணெய் குளிர்ந்திருக்கும்போதே இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் மாற்றிப் பார்க்கச் சொன்னார். தேய்ந்த கியர்பாக்ஸ் அப்போதுதான் கரகரக்கும். கியர் சத்தமின்றி வழுக்கிக்கொண்டு விழுந்தது. ஐந்தாவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தினேன். கிளட்ச் தேய்ந்திருந்தால் வேகம் கூடாமல் இன்ஜின் சுற்று மட்டும் எகிறும். இரண்டும் சேர்ந்தே ஏறின.

துணிக்கூரை உள்ள இவ்வகை வண்டியில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கூரையிலிருந்து வடியும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள இரண்டு துளைகள் வழியாகக் கீழே இறங்கும். இலைச்சருகு அடைத்துக்கொண்டால் அந்த நீர் உள்ளேயே தேங்கி, கதவுக்குக் கீழே உள்ள இரும்பை மறைவில் அரிக்கும். அம்மையாரிடம் ஒரு செம்பு தண்ணீர் கேட்டு வாங்கி இரண்டு பக்கமும் ஊற்றினேன். பின்சக்கரங்களுக்கு முன்னால் தடையின்றிக் கொட்டியது. "வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி நானே குத்தி விடுவேன் தம்பி" என்று அவர் சொன்னபோது, இந்த வண்டியை வாங்கிவிடுவேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பெயிண்ட் எல்லா இடத்திலும் 105-க்கும் 135-க்கும் இடையில். கணினிச் சோதனைகள் அனைத்தும் முடிந்த நிலை. எண்ணெய், பிரேக் திரவம், கியர்பாக்ஸ் எண்ணெய் ஆகியவற்றை மாற்றிய ரசீதுகள் ஒரு கோப்பில் தேதிவாரியாக இருந்தன. குறையும் இருந்தது: நான்கு டயர்களும் முதலில் வந்தவையே, பள்ளம் மிச்சமிருந்தாலும் ரப்பர் இறுகிவிட்டது. அதைச் சொன்னதும், அவரே விலையில் குறைத்துக்கொண்டார்.

2024 ஏப்ரல் 7, ஞாயிறு

இரவு மீண்டும் ஐகானிக் எஸ்பியின் படத்தைப் பார்த்தேன். இன்னும் அழகாகத்தான் இருக்கிறது.

2024 ஏப்ரல் 20, சனி

பணம் கொடுத்து உரிமையை என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். புதிய வண்டியின் விலை 100 என்றால் இதற்கு 54 ஆனது. மீதமுள்ள 11-இல் மூன்று பங்கு டயருக்கும் முதல் பராமரிப்புக்கும். எட்டைத் தொடாமல் தனியே வைக்கிறேன். வாரண்டி இல்லாத வண்டிக்கு அந்த எட்டுதான் வாரண்டி. அம்மையார் சாவியைக் கொடுத்துவிட்டு, துளை குத்தும் அந்த மெல்லிய பிளாஸ்டிக் கம்பியையும் கொண்டுவந்து கொடுத்தார்.

2024 மே 4, சனி

டயர்கள் புதியவை. இன்ஜின் எண்ணெயும் பிரேக் திரவமும் மாற்றியாயிற்று. பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் அதன் கொதிநிலை இறங்கும். மலைச்சரிவில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது மிதி பஞ்சாகிவிடும். அதனால்தான் பழைய ரசீதை நம்பி அதை விட்டுவைக்கவில்லை.

அதிகாலையில் கூரையை மடக்கிவிட்டுக் கிளம்பினேன். இந்த வண்டியில் ஸ்டீயரிங்குக்கு உதவுவது மின்மோட்டார். நண்பரின் வண்டியில் இருந்த திரவ அழுத்த உதவி இதில் இல்லை. உள்ளங்கைக்கு வரும் செய்தி அதைவிடச் சற்று மங்கல்தான், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் மூன்றாவது கியரில் 7,000 சுற்றைத் தாண்டும்போது எழும் ஒலியும், வளைவின் நடுவில் வண்டி என் இடுப்பைச் சுற்றித் திரும்புவதுபோன்ற உணர்வும் நான் நினைத்திருந்ததைவிடக் கூடுதல். இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிடுவேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன், மதியமாகிவிட்டது. ஓடோமீட்டர் 71,412 காட்டுகிறது. அடுத்த எண்ணெய் மாற்றத்தைக் கோப்பில் குறித்து, அம்மையாரின் கையெழுத்துக்குக் கீழே என் தேதியை எழுதினேன்.