கேப்டன் க்ளாசப்போட சர்வீஸ் ரெக்கார்டு: காசு கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ்ல பர்மா ஆயில் டேங்கைக் கொளுத்திட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனையும் அதோட கேப்டன் முல்லரையும் நம்ம ஊர்ல தெரியாதவங்க கம்மி. நவம்பர் 9 அன்னிக்கு கொக்கோஸ் தீவுகிட்ட அதை அடிச்சு நொறுக்கின சிட்னிங்கற ஆஸ்திரேலியப் போர்க்கப்பலோட கேப்டன் ஜான் க்ளாசப்பைத்தான் யாருக்கும் தெரியல, அதனால அவரோட மொத்த சர்வீஸையும் தமிழ்ல எழுதணும்னு கிளம்பினேன்.

லண்டன்ல ஆவணம் தேடித் தர்ற ஒருத்தர்கிட்ட பணம் கட்டினேன், பேர் வேணாம். வந்த ரிப்போர்ட்டைப் பாத்து வயிறு எரிஞ்சிடுச்சுங்க. 1913க்கு அப்புறம் சில வருஷத்துக்கு "தகவல் இல்லை"ன்னு ஒரே வரி. சண்டை நடந்த வருஷமே காணோம்! மெயில் போட்டா, அப்போ அவரை ஆஸ்திரேலிய நேவிக்கு இரவலா அனுப்பிட்டாங்க, அதைத் தேடணும்னா தனி சார்ஜாம். இதை முன்னாடியே சொல்லலாம்ல? அதைவிடக் கொடுமை, 1926ல வைஸ் அட்மிரலா கடற்படையை நடத்தினார்னு வேற எழுதியிருந்தாங்க. மனுஷன் 1921லயே ரிட்டயர். அந்தக் காலத்துல ரிட்டயர் ஆனவங்களுக்கும் சீனியாரிட்டி வந்தா ரிட்டயர் ஆனவங்க லிஸ்ட்ல பதவி பேருக்கு ஏறும், கப்பலும் கிடையாது ஒண்ணும் கிடையாது.

கடைசில நானே உக்காந்தேன். லண்டன் கியூல இருக்கிற பிரிட்டிஷ் நேஷனல் ஆர்கைவ்ஸ் சைட்ல அக்கவுண்ட் திறந்து, ஏடிஎம் 196ங்கற (ADM 196) கடற்படை ஆபீசர்களோட சர்வீஸ் ரெக்கார்டு வரிசையில பேரைப் போட்டேன், ஸ்கேன் வந்துடுச்சு, நான் எடுத்தப்ப காசும் கேக்கல. ஒரே ஆபீசருக்கு வேற வேற லெட்ஜர்ல பக்கம் இருக்கலாம், முதல்ல கிடைச்சதோட நிறுத்திடாதீங்க. கையெழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், பாதி வார்த்தையைச் சுருக்கித்தான் எழுதியிருப்பாங்க, போன்ல படிக்க முடியாது, பெரிய ஸ்கிரீன்ல வச்சு கப்பல், பதவி, சேந்த தேதி, இறங்கின தேதின்னு ஒவ்வொரு கட்டமா எழுதிக்கோங்க. நடுவுல மாசக்கணக்குல கப்பலே இல்லாம இருந்தா பயப்படாதீங்க, போஸ்டிங் இல்லாதப்ப ஹாஃப் பேல, அதாவது குறைச்ச சம்பளத்துல, கரையில உக்கார வச்சிருப்பாங்க. 1900களோட ரெக்கார்டுல "விக்டரி"ன்னு பாத்தா அவர் அதுல கடலுக்குப் போனார்னு எழுதிடாதீங்க, அது நெல்சனோட பழைய கப்பல், போர்ட்ஸ்மவுத்துல நின்ன இடத்துலயே நின்னுச்சு, கரை வேலையில இருந்தவங்க பேரையும் அந்தக் கணக்குலதான் எழுதி வைப்பாங்க.

சந்தேகம் வந்த தேதியை எல்லாம் நேவி லிஸ்ட்ல, அதாவது பிரிட்டிஷ் கடற்படை ஆபீசர்களோட பதவியை அச்சடிச்சு வெளியிட்ட பட்டியல்ல, சரிபாத்தேன், ஸ்காட்லாந்து தேசிய நூலக சைட்ல முதல் உலகப்போர் வருஷத்து லிஸ்ட் ஃப்ரீயாவே கிடைக்குது. 1911ல கேப்டன், 1913ல சிட்னி, 1920ல ரியர் அட்மிரல், எல்லாம் வரிசையா உக்காந்தப்போ வந்த சந்தோஷம் இருக்கே, சொல்லி மாளாது. ஆஸ்திரேலிய வாழ்க்கை வரலாற்று அகராதியிலயும் அவரைப் பத்தித் தனிக் கட்டுரை இருக்கு, தேட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அதைப் படிச்சிடுங்க, யார் ரிப்போர்ட் கொடுத்தாலும் ஓட்டை எங்கன்னு உடனே தெரிஞ்சிடும். அந்த லண்டன் ஆள்கிட்ட இந்தத் தேதிகளை எல்லாம் வரிசையா அனுப்பி, சண்டை போட்டு, பாதிப் பணத்தைத் திரும்ப வாங்கிட்டேன். மீதியும் விடப்போறதில்ல.