கூலி நோட்டின் கடைசிப் பக்கம்

சோமனூரில் அண்ணன் தறிக்குடோனுக்குப் போயிருந்தேன். கூலி நோட்டின் கடைசிப் பக்கத்தில் மகள் படிப்புக்குக் கணக்குப் போட்டு வைத்திருந்தார். பொருளாதாரம், சூழலியல், தரவு மூன்றும் கலந்த பட்டப்படிப்பு. "படிச்சா என்ன வேலைன்னு ஒத்தை வார்த்தையில சொல்லு தம்பி" என்றார். என்னால் முடியவில்லை.

சரி, கடனைப் பார்ப்போம் என்றேன். ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் கல்விக்கடன் வாங்கலாம். 10 சதவீத வட்டி, 10 வருடம் என்றால் மாதத் தவணை 9,900 ரூபாயைத் தாண்டும். படிக்கும் காலத்து வட்டி தனி. முதல் சம்பளம் 20,000 என்றால் பாதி அதற்கே போய்விடும். அந்தப் பிள்ளை தலையில் அதை ஏற்ற எனக்கு மனசில்லை.

குடிமைப்பணித் தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும். அரசுப் பள்ளி ஆசிரியர் வேலைக்கு அப்படியில்லை. பட்டத்தின் பெயர் வேறாக இருந்தால், கேட்ட பட்டத்துக்கு அது சமம் என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணை கேட்பார்கள். சேரும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

ஆனால் படிப்பு வீண் இல்லை. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்ததால் 2011-இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை உயர்நீதிமன்றம் மூடச் சொன்னதே, அதில் ஆற்றுத் தண்ணீர், சட்டம், கூலி எல்லாம் ஒரே முடிச்சு. அதைத்தான் படிக்கணும் என்கிறாள் அண்ணன் மகள்.

இதே படிப்பு குறைந்த கட்டணத்தில் எங்காவது இருந்தால் சொல்லுங்கள்.